கஹோஓலவே தீவு: வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி

கஹோஓலவே, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் எட்டு முதன்மைத் தீவுகளில் மிகச் சிறியது. மாவுயி தீவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதன் பரப்பளவு சுமார் 116 சதுர கிலோமீட்டர். 1941 முதல் 1990 வரை அமெரிக்கப் படைகள் இத்தீவைக் குண்டுவீச்சு, பீரங்கிப் பயிற்சிக் களமாகப் பயன்படுத்தின. பயிற்சி நின்ற பின்னர் மண்ணில் எஞ்சிக் கிடந்த வெடிபொருட்களை அகற்ற அமெரிக்க நாடாளுமன்றம் 40 கோடி டாலர் வரை செலவிட அனுமதித்தது. பத்தாண்டுக் கெடு முடிந்தபோது தீவின் கால் பகுதி தொடப்படாமலேயே இருந்தது. பழைய படைக்கலங்களால் மாசடைந்த நிலத்தைத் துப்புரவு செய்வது எப்படிப்பட்ட வேலை, அது எங்கே தடைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

பயிற்சிக் களமான வரலாறு

பாலினீசிய மக்கள் இத்தீவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குடியேறியிருந்தனர். கடல் தெய்வமான கனலோவாவுக்கு உரிய நிலமாக ஹவாய் மக்கள் இதைக் கருதுகின்றனர். மீனவர் வழிபாட்டு மேடைகள், பாறைச் செதுக்கல்கள், கோடரிக் கல் வெட்டியெடுத்த புவு மொயிவி குவாரி ஆகியவை இன்றும் உள்ளன. ஐரோப்பியர் வருகைக்குப் பின் 1793இல் ஆடுகள் கொண்டுவரப்பட்டன. பிறகு செம்மறியும் மாடும் வந்தன. மேய்ச்சல் செடிகொடிகளை அழித்தது. காற்றும் மழையும் மேல்மண்ணை அள்ளிச் சென்றன. ஆகவே குண்டு விழத் தொடங்கும் முன்பே தீவு பாதி மொட்டையாகிவிட்டது. பின்னாளில் துப்புரவுப் பணியை இது வெகுவாகப் பாதித்தது.

1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதும் ஹவாயில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. தீவு படையின் கைக்குப் போனது. பசிபிக் போரில் தீவுகளைக் கைப்பற்றச் சென்ற படைகளும் கப்பல்களும் இங்கேதான் ஒத்திகை பார்த்தன. போர் முடிந்தும் தீவு திரும்பி வரவில்லை. 1953 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஐசனாவர் பிறப்பித்த 10436ஆம் எண் ஆணை தீவைக் கடற்படையின் ஆளுகைக்குள் வைத்தது. அதே ஆணையில் ஒரு வாக்குறுதியும் இருந்தது: தேவை தீர்ந்ததும் கடற்படை தன் செலவில் தீவை மனிதர் வாழப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்து திருப்பித் தர வேண்டும். அடுத்த அரை நூற்றாண்டு வாதங்கள் அனைத்தும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தன.

பயிற்சிகளில் மிகப் பெரியது 1965இல் நடந்த 'செயிலர் ஹாட்' சோதனை. அணுகுண்டு அதிர்வைப் போர்க்கப்பல்கள் தாங்குமா என்று அறிய, கரையோரம் 500 டன் டி.என்.டி. வெடிமருந்தை அடுக்கி வெடிக்கச் செய்தனர். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை இது நடந்தது. அதனால் உண்டான பெரும் பள்ளத்தில் கடல்நீர் ஊறி இன்று ஒரு குட்டையாக நிற்கிறது. சிறு சிவப்பு இறால்கள் அதில் வாழ்கின்றன. தீவின் நிலத்தடி நன்னீரைத் தாங்கிநின்ற பாறை அந்த அதிர்வில் விரிசல் கண்டது என்ற கருத்து ஹவாய் மக்களிடையே பரவலாக உள்ளது.

1969இல் அண்டைத் தீவான மாவுயியின் மேய்ச்சல் நிலத்தில் வெடிக்காத 500 பவுண்டு குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. தவறி விழுந்த அந்தக் குண்டு, ஆளில்லாத் தீவின் பிரச்சினையை ஆளுள்ள தீவின் பிரச்சினையாக மாற்றியது. 1976 ஜனவரியில் ஒன்பது பேர் தடையை மீறித் தீவில் கால்வைத்தனர். 'கஹோஓலவே பாதுகாப்பு ஒஹானா' என்ற இயக்கம் உருவானது. ஒஹானா என்றால் குடும்பம். 1977 மார்ச்சில் இயக்கத்தின் ஜார்ஜ் ஹெல்ம், கிமோ மிட்செல் இருவரும் தீவுக்கும் மாவுயிக்கும் இடைப்பட்ட கடலில் காணாமற்போயினர். இயக்கம் தொடுத்த வழக்கு 1980 டிசம்பரில் உடன்பாட்டுத் தீர்ப்பில் முடிந்தது. மக்கள் குறிப்பிட்ட நாள்களில் தீவுக்குச் செல்லவும், தொல்லியல் ஆய்வு நடக்கவும் அது வழிசெய்தது. 1981இல் தீவு முழுவதும் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனாலும் குண்டுவீச்சு நின்றது 1990 அக்டோபரில்தான். பதிவேட்டில் சேர்ந்த பிறகும் ஒரு வரலாற்றுச் சின்னத்தின் மீது ஒன்பது ஆண்டுகள் குண்டு விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குண்டு ஏன் வெடிக்காமல் போகிறது

ஒவ்வொரு குண்டிலும் முதன்மை வெடிமருந்தை வெடிக்கச் செய்ய ஒரு தூண்டி இருக்கும். ஃபியூஸ் என்று வழக்கில் சொல்லப்படுவது இதுதான். ஏவப்பட்ட பிறகே அது உயிர்பெறும்படி அமைத்திருப்பார்கள். சாய்வான கோணத்தில் விழுதல், புழுதியில் மெத்தென்று புதைதல், தயாரிப்புக் குறை, நீண்ட காலம் கிடங்கில் கிடத்தல் போன்ற காரணங்களால் தூண்டி பாதியில் நின்றுவிடும். அப்படி நின்ற குண்டு செத்த குண்டு அன்று. தூண்டி எந்த நிலையில் நிற்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. துரு ஏறுவதால் அதன் ஆபத்து குறைவதும் இல்லை. வெடிமருந்து பல பத்தாண்டுகள் தன் ஆற்றலை இழக்காமல் இருக்கும்.

பயிற்சிக் களத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. விழுந்தவை எல்லாம் வெடிமருந்து நிரம்பியவை அல்ல. பயிற்சிக் குண்டுகளில் புகை காட்டும் சிறு மருந்து மட்டும் இருக்கும். சிலவற்றில் வெறும் மணலும் சிமெண்டும்தான். ஐம்பது ஆண்டுத் துருவுக்குப் பிறகு வண்ணமும் எண்ணும் அழிந்துவிட, உயிருள்ளதும் வெற்றுக் கூடும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே கண்டெடுக்கப்படும் ஒவ்வொன்றையும் உயிருள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும். பெருஞ்செலவுக்கு முதற்காரணம் இதுவே.

1993ஆம் ஆண்டுச் சட்டமும் பத்தாண்டுக் கெடுவும்

ஹவாய் மேலவை உறுப்பினர் டேனியல் இனோயேயின் முயற்சியால் 1993 நவம்பரில் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கஹோஓலவேக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. 40 கோடி டாலர் வரை செலவிடலாம். பத்தாண்டுகளில், அதாவது 2003 நவம்பர் 11க்குள் பணி முடிய வேண்டும். 1994 மே 7ஆம் நாள் தீவின் உரிமை ஹவாய் மாநிலத்துக்கு முறைப்படி மாற்றப்பட்டது. ஆனால் தீவுக்குள் யார் போகலாம் என்பதைத் துப்புரவு முடியும் வரை கடற்படையே தீர்மானித்தது. மாநிலத்தின் சார்பில் கஹோஓலவே தீவுக் காப்பக ஆணையம் அமைக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட நிதியில் 11 விழுக்காடு இந்த ஆணையத்தின் அறக்கட்டளை நிதிக்குப் போகும், மீதி துப்புரவுக்கு.

எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் துப்புரவு வேண்டும் என்பது அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நடந்து செல்லவும் வழிபடவும் மேற்பரப்பு சுத்தமாக இருந்தால் போதும். மரம் நட, கொட்டகை போட, கழிவறைக் குழி வெட்ட மண்ணுக்குள்ளும் போயாக வேண்டும். ஆகவே ஆணையம் முதலில் ஒரு பயன்பாட்டுத் திட்டம் வகுத்தது. அதனை ஒட்டி இரண்டு நிலைகள் வரையறுக்கப்பட்டன. முதல் நிலையில் மேற்பரப்பில் தெரியும் அனைத்தையும் அகற்ற வேண்டும். இரண்டாம் நிலையில் நான்கு அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் ஆழம் வரை அகற்ற வேண்டும். தீவு முழுவதும் முதல் நிலை, 30 விழுக்காடு நிலத்தில் இரண்டாம் நிலை என்பது இலக்கு. பெரும் ஒப்பந்தம் 1997இல் ஒரு கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதாவது பத்தாண்டுக் கெடுவில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் திட்டமிடலிலும் பேச்சுவார்த்தையிலும் முன்னோட்டப் பணியிலும் கழிந்துவிட்டன.

களத்தில் பணி நடந்த முறை

தீவை வரைபடத்தில் சதுரக் கட்டங்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோப்பு. முதலில் தொல்லியல் ஆய்வாளர்கள் சென்று வழிபாட்டு இடங்களையும் தொல் சின்னங்களையும் குறித்தனர். பிறகு வெடிபொருள் வல்லுநர்கள் வரிசையாக நின்று, கைக்கெட்டும் இடைவெளியில் நடந்து, கண்ணாலும் கருவியாலும் தேடினர். ஐயத்துக்குரிய பொருள் கிடைத்தால் கொடி நட்டு, இருப்பிடத்தைப் பதிவு செய்தனர். துறைமுகம் இல்லாத தீவு என்பதால் ஆள்களும் தண்ணீரும் உணவும் எரிபொருளும் ஹெலிகாப்டரிலும் படகிலும் வந்தன. நாள்தோறும் பணியாளர்களை மாவுயியிலிருந்து கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவே தனி நிதிநிலை அறிக்கை போடும் அளவுக்கு இருந்தது.

நகர்த்தப் பாதுகாப்பில்லாத குண்டைக் கிடந்த இடத்திலேயே வெடிக்கச் செய்வது வழக்கம். அதன் பக்கத்தில் சிறிதளவு வெடிமருந்தை வைத்துத் தொலைவிலிருந்து பற்றவைப்பார்கள். சில்லுகள் பறக்காமலிருக்க மணல் மூட்டை அடுக்குவதும் உண்டு. ஆனால் பக்கத்தில் பழைய கற்கோயில் இருந்தால் என்ன செய்வது? கஹோஓலவேயில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. நகர்த்தத் தக்கதென வல்லுநர் முடிவு செய்தால் மட்டுமே வேறிடத்துக்குக் கொண்டுசென்று அழிக்கலாம். நகர்த்த முடியாததைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, சின்னம் சேதமாகாமல் வெடிக்கச் செய்ய வேண்டும். வெடிபொருள் வல்லுநரும் தொல்லியலாளரும் ஒரே கட்டத்தின் முன்னே ஒன்றாக நின்று முடிவெடுக்க வேண்டியிருந்ததால் வேலை மெதுவாகவே நகர்ந்தது. அவசரப்படுத்தியிருந்தால் காப்பாற்ற வந்ததையே அழித்திருப்பார்கள்.

சில்லுகள், வெற்றுக் கூடுகள், இலக்குக்காக நிறுத்தப்பட்டிருந்த பழைய வண்டிகள் என ஆயிரக்கணக்கான டன் உலோகக் கழிவு சேர்ந்தது. அதில் வெடிமருந்து எச்சம் இல்லையென உறுதி செய்த பிறகே மறுசுழற்சிக்கு அனுப்பினர். பழைய இரும்புக் கடையில் வெடித்த குண்டுகளின் கதை உலகெங்கும் உண்டு. ஆகவே இந்தச் சோதனை வெறும் சடங்கன்று.

செம்மண்ணில் ஏமாறும் கருவிகள்

புதைந்த குண்டைத் தேட இரண்டு வகைக் கருவிகள் பயன்படுகின்றன. காந்தமானி, புவியின் காந்தப்புலத்தில் இரும்பு உண்டாக்கும் சிறு மாறுதலை அளக்கும். மின்காந்தத் தூண்டல் கருவி, கம்பிச்சுருளில் மின்துடிப்பை அனுப்பி, உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அடங்கும் வேகத்தை அளக்கும். முன்னது இரும்பை மட்டும் காணும். பின்னது எந்த உலோகத்தையும் காணும்.

கஹோஓலவே எரிமலைத் தீவு. அதன் பசால்ட் பாறையிலும் அது சிதைந்து உண்டான செம்மண்ணிலும் இரும்பு ஆக்சைடுகள் நிறைந்துள்ளன. பாறையே காந்தத் தன்மை உடையது என்பதால் காந்தமானி எங்கு வைத்தாலும் கத்தும். மின்காந்தக் கருவியும் தப்பவில்லை. மண்ணிலுள்ள நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள்கள் மின்துடிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் காந்தத் தன்மையைத் தக்கவைத்து மெல்ல இழக்கும். அது உலோகத்தின் பதில்போலவே கருவிக்குத் தோன்றும். குண்டு இருப்பதாகக் காட்டிய இடத்தைக் கவனமாகக் கையால் தோண்டினால் வெறும் மண்தான் இருக்கும். அப்படித் தோண்டிய ஒவ்வொரு வெற்றுக் குழிக்கும், குண்டு கிடைத்த குழிக்கு ஆகும் அதே நேரமும் அதே எச்சரிக்கையும் தேவைப்பட்டன. சாதாரண மண்ணுள்ள களத்தில்கூடத் தோண்டப்படுவதில் பெரும்பகுதி ஆணி, கம்பி, சில்லுகளாகவே இருக்கும். இங்கே அதுவும் இல்லாத இடங்களைத் தோண்டினார்கள்.

பின்னர் வந்த மேம்பட்ட கருவிகள், பல திசைகளிலிருந்து துடிப்பை அனுப்பிப் புதைபொருளின் வடிவத்தையும் சுவர்த் தடிமனையும் கணித்து, 'இது குண்டு, இது சில்லு' என்று தோண்டும் முன்பே பிரிக்க முயல்கின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இம்முறையை 2007 முதல் பழைய பயிற்சிக் களங்களில் சோதித்தது. கஹோஓலவேயின் பணி அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எவ்வளவு சுத்தம் போதும்

2003 நவம்பர் 11இல் தீவுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு வந்தது. 2004இல் கடற்படையின் துப்புரவுப் பணி நிறைவுற்றது. ஆணையத்தின் கணக்குப்படி மேற்பரப்பில் 75 விழுக்காடு துப்புரவானது. நான்கு அடி ஆழம் வரை துப்புரவானது சுமார் 10 விழுக்காடு நிலம். எஞ்சிய 25 விழுக்காடு, அதாவது 6,692 ஏக்கர், துப்புரவு செய்யப்படவே இல்லை. செங்குத்தான பள்ளத்தாக்குகளும் கடற்பாறைகளும் இதில் உள்ளன.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. 'மேற்பரப்பு சுத்தம்' என்பது அளந்த நாளின் மேற்பரப்பைப் பற்றியது. மண்ணரிப்பு நிற்காத தீவில் இன்று இரண்டடி ஆழத்தில் இருப்பது சில மழைக்காலங்களுக்குப் பிறகு மேலே வந்துவிடும். ஓடையில் உருண்டு சுத்தமான கட்டத்துக்குள்ளும் போய்ச் சேரும். எனவே ஒப்பந்தத்தின்படி புதிதாகத் தென்படும் வெடிபொருளை அகற்றும் பொறுப்பு அமெரிக்க அரசிடமே நீடிக்கிறது. எந்தத் துப்புரவும் ஆபத்தைச் சுழியமாக்குவதில்லை. தரத்தைச் சோதிக்க, ஒப்பந்ததாரருக்குத் தெரியாமல் போலிக் குண்டுகளை முன்கூட்டியே புதைத்துவைத்து அவை கிடைக்கின்றனவா என்று பார்ப்பது இத்துறையில் வழக்கமான முறை. எல்லாப் போலிகளும் கிடைத்தாலும், எல்லாக் குண்டுகளும் கிடைத்துவிட்டன என்று அதற்குப் பொருளில்லை. தேடல் முறையாக நடந்தது என்பதே பொருள்.

1953ஆம் ஆண்டு ஆணை சொன்ன 'மனிதர் வாழப் பாதுகாப்பான நிலை' எட்டப்பட்டதா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அரைகுறையாக விட்டுச் சென்றார்கள் என்று ஹவாய் மக்களில் பலர் கருதுகின்றனர். மறுபக்கத்தில், இலக்கை நிர்ணயித்தபோது மண்ணின் இயல்பும் செலவும் சரியாக மதிப்பிடப்படவில்லை என்பதும் உண்மை. நாளும் பணமும் முன்னதாகவே முடிவாகி, நிலத்தின் தேவை பின்னால் ஒட்டப்பட்டால் இதுவே நடக்கும்: கெடு வந்த நாளில் பணி நின்றது; குண்டுகள் தீர்ந்ததால் நிற்கவில்லை.

மருந்து கலந்த நீர்

துப்புரவு என்றால் வெடிக்கும் ஆபத்து மட்டும் அன்று. உடைந்த குண்டுகளிலிருந்து ஆர்.டி.எக்ஸ்., டி.என்.டி., பெர்குளோரேட்டு, ஈயம் ஆகியவை மண்ணில் கலக்கும். இவற்றுள் ஆர்.டி.எக்ஸும் பெர்குளோரேட்டும் மண்ணில் ஒட்டாமல் நீரோடு இறங்கக் கூடியவை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் உள்ள படைத்தளத்தில், குடிநீருக்கு ஒரே ஆதாரமான நிலத்தடி நீரில் மாசு பரவுவதால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் அங்கே உயிர்க்குண்டுப் பயிற்சியை நிறுத்த ஆணையிட்டது. பிரான்சில் வெர்டன் அருகே, முதல் உலகப்போருக்குப் பின் நச்சுக் குண்டுகளை எரித்த ஓரிடத்தில் ஆர்செனிக்கு மிகுந்து இன்றும் செடி சரியாக முளைப்பதில்லை. குண்டை அழித்த முறையே நிலத்தைக் கெடுத்ததற்கு அது சான்று.

இலங்கையின் வடக்கில் நடைபெறும் கண்ணிவெடி அகற்றத்தை அறிந்த வாசகர்கள் இதனோடு ஒரு வேறுபாட்டைக் காணலாம். கண்ணிவெடி பெரும்பாலும் ஓர் அரண்வரிசையை ஒட்டி, கைக்கெட்டும் ஆழத்தில் புதைக்கப்படுவது. வரிசையின் போக்கு தெரிந்தால் அடுத்தது எங்கே என்று ஊகிக்கலாம். வானிலிருந்து விழுந்த குண்டுக்கு வரிசையும் இல்லை, நிலையான ஆழமும் இல்லை. ஆனால் முகமாலையிலோ வன்னியிலோ நிலத்துக்காகக் காத்திருப்பவர் அதே நிலத்தில் உழுதவர். கஹோஓலவேயில் குடியிருப்போர் எவரும் இல்லை. நெருக்குதல் இல்லாத இடத்தில் பணி அரைகுறையாக நிற்பது எளிது.

2003க்குப் பிறகு

தீவில் வணிகப் பயன்பாட்டைச் சட்டம் தடை செய்கிறது. ஹவாய்ப் பழங்குடி மக்களின் இறையாண்மை அமைப்பு ஒன்று அங்கீகரிக்கப்படும் வரை மாநிலம் இதை அறக்கட்டளையாகவே வைத்திருக்கும். செல்வோர் ஆணையத்தின் அனுமதியோடு, பாதுகாப்பு விளக்கம் கேட்ட பிறகு, வழிகாட்டியின் பின்னாலேயே நடக்க வேண்டும். விளக்கத்தின் சாரம், அமெரிக்கப் படைகள் பொதுமக்களுக்குச் சொல்லும் மூன்று சொற்கள்: அடையாளம் காண், விலகு, தெரிவி.

மரம் நடுவதில்தான் குண்டின் நிழல் அதிகம். நான்கு அடி துப்புரவான இடங்களில் குழி தோண்டலாம். மற்ற இடங்களில் மண்வெட்டி போட முடியாது. அங்கே இறுகிய தரையின் மேல் மண்ணையும் உலர் புல் கட்டுகளையும் மேடாக அடுக்கி, அந்த மேட்டில் நாற்றை வைக்கிறார்கள். அதே மேடு நீரோட்டத்தைத் தடுத்து மண்ணையும் பிடித்துவைக்கிறது. தோண்டத் தடை இல்லாதிருந்தால் இந்த முறை தோன்றியிருக்குமா என்பது ஐயமே. நீருக்கு, உச்சிப் பகுதியில் கூரைபோல் விரித்த பரப்பில் மழையைப் பிடித்துத் தொட்டிகளில் சேர்க்கிறார்கள். தன்னார்வலர்கள் இவ்வாறு லட்சக்கணக்கில் உள்நாட்டுச் செடிகளை நட்டுள்ளனர். அறக்கட்டளை நிதி கரைந்துவிட்டதால் ஆணையம் மாநில அரசின் ஒதுக்கீட்டை நம்பியுள்ளது.

சுற்றுக் கடலும் துப்புரவாகவில்லை. இரண்டு மைல் வரையிலான நீர்ப்பரப்பு காப்பகத்தின் பகுதி. கடலடியைத் தொடும் மீன்பிடிப்புக்கு அங்கே இடமில்லை; ஆழமான பகுதியில் மட்டும், மாதத்துக்கு இரண்டு வார இறுதிகளில், ஓடும் படகிலிருந்து தூண்டிலை இழுத்து மீன்பிடிக்கலாம்.

2020 பிப்ரவரியில் தீவில் புல்தீ பரவியது. தீயணைப்பு வீரர்கள் தரையில் இறங்கித் தீவரம்பு வெட்ட முடியவில்லை. வெடிக்காத குண்டுகள் எங்கே இருக்கும் என்று தெரியாது. தீவின் ஏறத்தாழ 30 விழுக்காடு எரிந்தது. சேமித்து வைத்திருந்த கருவிகளும் கிடங்கும் அதில் அழிந்தன. தன்னார்வலர்கள் மீண்டும் நாற்றோடு வருகின்றனர். துப்புரவாகாத 6,692 ஏக்கரை அகற்றுப் பணிக்கு எடுத்துக்கொள்ள இதுவரை புதிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.